யார் அந்த முருகா?

இரண்டு வருடங்களுக்கு முன், ஓகஸ்ட் மாதத்து வெயிலில், இத்தாலியின் பலெர்மோவில் நடந்தது இது. பொலிதேயாமா நாடக அரங்குப் பக்கம் நான்காம் மாடியில் தனியாக வாழும் எண்பத்து நான்கு வயது மூதாட்டி ஒருவரை நான் பார்த்துக்கொள்கிறேன்; சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன். மூளை கத்தி மாதிரி. முழங்கால்தான் சொல்வழி கேட்காது.

அவருடைய ஒரே மகள் இருப்பது ஜெர்மனியில். லீவில் வந்த இரண்டாம் நாள் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கண் கலங்கியிருந்தது. அம்மாவுக்கு அறளை பெயர்ந்து நினைவு தடுமாறுகிறது போலிருக்கிறது, கதிரையால் எழும்பும்போதெல்லாம் யாரோ ஓர் ஆளைக் கூப்பிடுகிறார் என்றார். அப்பாவின் பெயருமில்லையாம், மாமாமாரின் பெயருமில்லையாம். நாளைக்கு டொக்டர் வருவார், அவரும் அப்படித்தான் சொன்னால் அம்மாவை முதியோர் இல்லத்தில் விடவேண்டியதுதான் என்றார். பிறகு மெதுவாக, "யார் அந்த முருகா?" என்று கேட்டார்.

நாலு வருடமாக சிஞ்ஞோராவைக் கைகொடுத்துத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் 'அப்பனே முருகா' என்பவள் நான்தான். வன்னியில் எங்கள் ஆட்களுக்கு எழும்பவும் இருக்கவும் அது இல்லாமல் உடம்பு அசையாது. அது சிஞ்ஞோராவின் வாயிலும் ஒட்டிக்கொண்டது, கேட்டுப் பழகிய என் காதுக்கு உறைக்கவேயில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். பயத்தில், தெரியாது என்றுவிட்டேன். சீசா என்ற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னால், அவர் என்னைவிடப் பயந்தார். "பேசாமல் இரும். கிழவிக்குச் சாமி பழக்கிப்போட்டீர் எண்டு வேலையால நிப்பாட்டிப்போடுவினம்" என்றார்.

அடுத்த நாள் டொக்டர் வந்து கிழமை, மாதம், பேரப்பிள்ளைகளின் வயது எல்லாம் கேட்டார். சிஞ்ஞோரா எரிச்சலோடு, ஆனால் சரியாகச் சொன்னார். பிறகு டொக்டர் எழும்பி நடக்கச் சொன்னார். சிஞ்ஞோரா கதிரையின் கையைப் பிடித்தார், "முருகா" என்றார். மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. வேலை போனால் போகட்டும் என்று, அது என்னுடைய சொல், எங்கள் சாமியின் பெயர் என்று உடைத்துவிட்டேன்.

அப்படியென்றால் அம்மா கும்பிடுகிறாரா என்று மகள் கேட்டார். இல்லை என்றேன். பிறகு என்னதான் அர்த்தம் என்றார். இத்தாலியனில் என்ன, தமிழில் கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திராது.

சிஞ்ஞோராதான் காப்பாற்றினார். "அர்த்தம் ஒண்டும் இல்லை. சொன்னால் முழங்கால் லேசாகுது," என்றுவிட்டு மகள் பக்கம் திரும்பினார். "நீ ஜெர்மனிக்குப் போனதிலையிருந்து எதுக்கெடுத்தாலும் அந்த ஊர்க்காரர் மாதிரி 'த்யா' எண்டுறாய். நான் உனக்கு டொக்டரைக் கூப்பிட்டனானே?"

முதலில் சிரித்தது டொக்டர்தான். மகள் அழுகையும் சிரிப்புமாக என்னைக் கட்டிப்பிடித்தார். முதியோர் இல்லக் கதை அன்றோடு முடிந்தது. அந்த 'த்யா'வுக்கு என்ன அர்த்தம் என்று பிறகு நான் மகளிடம் கேட்டேன். யோசித்துப் பார்த்தார், தோளைக் குலுக்கினார், "த்யா" என்றார்.

பெர்மெஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க நான் இன்றும் குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலக வாசலில் வரிசையில் நிற்கிறேன். முருகனோ ஒரு கடதாசியும் காட்டாமல் அந்த வீட்டில் குடியேறிவிட்டார். சிஞ்ஞோரா 'முருகா' என்று கதிரையால் எழும்பும் ஒவ்வொரு தடவையும், நானும் இந்த ஊர் ஆள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.