கோபம் வராத நாள்

குழித்துறைச் சந்தைக்குப் பக்கத்தில் தண்ணீர் மோட்டார் விற்கிறேன். எதை விற்றாலும் காரண்டி கேட்பார்கள், கொடுத்துத்தான் ஆக வேண்டும். மூளைக்காய்ச்சல் வந்து போன பின் என் தலைக்குள் நீர் தேங்க ஆரம்பித்தது. அதை வடிக்க, மண்டையிலிருந்து காதுக்குப் பின்னால் இறங்கி வயிறு வரை தோலுக்கடியில் ஒரு குழாய் வைத்தார்கள். ஷண்ட் என்று பெயர். "இதுக்கு எத்தனை வருஷம் காரண்டி?" என்று டாக்டரிடம் கேட்டேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் சில மாதங்களில்தான் பயம் அதிகம் என்றார். கிருமி தொற்றலாம். முனையில் சதை புகுந்து அடைக்கலாம். வால்வு மக்கர் பண்ணலாம். வருஷம் போகப் போகக் குழாய் இறுகி உடையலாம். ஒன்றுமே ஆகாமல் நெடுநாள் ஓடவும் செய்யலாம். இது ஒரு பதிலா? கிணற்று மோட்டாரின் ஃபுட்வால்வில் பாசி அடைத்தால் தண்ணீர் வராது, தெரிந்துவிடும். இது அடைத்தால் தலைவலி, வாந்தி, தூக்கம். வெயிலில் கடை நடத்துகிறவனுக்கு இதில் எது புதிது? காதுக்குப் பின்னால் ஓயாமல் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். வேறு யாராவது என் தலையைத் தொட்டால் வீடே இரண்டுபடும்.

போன மழைக்காலத்தில் திற்பரப்பு அருவிக்குப் போய் ஆசை தீரக் குளித்தேன். மறுநாள் காலை தலை கனத்தது, வாந்தியும் வந்தது. விருந்துக்கு வந்திருந்த அக்கா ராஸ்னாதிப் பொடியை எடுத்து வந்தாள். எங்கள் பக்கம் குளித்த தலையின் உச்சியில் அதைத் தேய்க்காமல் விடமாட்டார்கள்.

"அருவியில தலைய காட்டினா நீர் எறங்கத்தான் செய்யும் மக்கா. இத தேச்சா செரியாவும்."

தேய்த்தாள். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அடுக்களையிலிருந்து வந்த என் மனைவி அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"மைனி, காரு விளிக்கணும். தலையில கை வச்சும் இவிய ஏசாம இருக்காவ" என்றாள் அக்காவிடம்.

திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவள் என்னைச் சீண்டிக்கொண்டே வந்தாள். "நீங்க விக்கிய மோட்டாரு ஒண்ணுக்கும் கொள்ளாது, கேட்டியளா?" பதில் எனக்குத் தெரிந்திருந்தது. எடுத்துச் சொல்லத்தான் சோம்பலாக இருந்தது. களியக்காவிளை தாண்டியதும் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏசுங்க, என்னைய ஏசுங்க" என்று அழுதாள். அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை.

வயிற்றுப் பக்க முனை அடைத்திருந்ததாம். மாற்றிவிட்டார்கள். அருவியில் குளித்ததாலா என்று கேட்டேன், இல்லை என்றார் டாக்டர். பின்னே ஏன் இப்போது? அதற்கும் காரண்டி கேட்டபோது சிரித்த அதே சிரிப்பு. குழாய் புதிது என்பதால் முதல் மாதங்களின் பயம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறது.

வீட்டுக்கு வந்த பின் சில காலைகளில் சாயாவில் சீனி இருப்பதில்லை. மறதி என்று நினைத்துக் கத்தினேன். கத்தக் கத்த அவள் முகம் தெளிவதைக் கண்ட பின்தான் விஷயம் புரிந்தது.

இன்றும் சீனி இல்லை. தலைவலி ஒன்றுமில்லை, ஆனால் சண்டை போட மனமும் இல்லை. கோபம் வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தேன். உடனே அகப்படவில்லை. பயந்துபோனேன். அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"இது சாயாவா, பாத்திரம் களுவின வெள்ளமா?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

சீனி டப்பா அவள் கையிலேயே இருந்தது.