ஆறு ஆரஞ்சுகளின் தோல்

ஒன்பதாம் தடவையாக அவள் கருந்தூளின் மேல் தண்ணீர் ஊற்றி, வடிந்த நீரில் நிறம் மாறும் சோதனைக் காகிதம் ஒன்றை நனைத்துப் பார்க்கிறாள். நீலம். காரம் இன்னும் போகவில்லை. "அடம் பிடிக்காத, போயிடு" என்று தூளிடம் சொல்லிவிட்டு மறுபடி ஊற்றுகிறாள். காகிதம் பச்சைக்கு வரும்வரை அந்தத் தொட்டியை விட்டு நகரமாட்டாள்.

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் கரியக்கா. வயது நாற்பத்தொன்பது. கேன்டீனில் வீணாகும் பழத்தோலைக் காயவைத்து, காற்றுப் புகாத உலையில் கரியாக்கி, காரம் சேர்த்து மறுபடி சுட்டு, அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழச் செய்வது அவள் வேலை. அந்தத் துளைகளில்தான் மின்னூட்டம் தங்கும். கரி பூசிய தகடுகளைச் சட்டைப் பொத்தான் அளவு எஃகு வில்லைக்குள் அடைத்து, சோதனை இயந்திரத்தில் மாட்டி, மின்னூட்டத்தை ஏற்றி இறக்கிப் பார்ப்பார்கள்.

தினமும் காலையில் வாளியோடு கேன்டீன் பின்வாசலில் நிற்பாள். ஒவ்வொரு தோலையும் முகர்ந்து, மிச்சச் சாப்பாடு ஒட்டியதை ஒதுக்குவாள். உப்பு கலந்தால் கரி கெட்டுவிடும்.

"காலங்காத்தால குப்பையை மோந்து பாக்கறியே, உனக்கே நல்லாருக்கா?" என்பார் சமையல்காரர்.

"உங்க சமையலை மோந்து பாக்கறதுக்கு இது எவ்வளவோ தேவலை."

அவளைப் பெரிதாகப் புகழ ஒன்றுமில்லை. ஒருமுறை உலையை ஆறவிடாமல் திறந்து, காற்றுப் பட்டு, ஒரு வாரத் தோலைச் சாம்பலாக்கியிருக்கிறாள். அது தங்கைக்குக் கல்யாணம் நடந்த வாரம்.

இரண்டு அறை வீட்டில் அக்காவும் தங்கையும் இருபத்திரண்டு வருடம் ஒன்றாக இருந்தார்கள். நாற்பத்து நாலாம் வயதில் தங்கைக்கு ஒருவரைப் பிடித்தது. கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போனாள். கிளம்பிய காலையில் வழிக்கென்று ஆறு ஆரஞ்சு உரித்தாள். தோல் அறுபடாமல் நாடா மாதிரி வரும் கை அவளுக்கு. அடுக்களையில் கிடந்த அந்த ஆறு நாடாக்களைக் கரியக்கா மறுநாள் வேலைக்கு எடுத்துவந்தாள்.

அந்தத் தோலின் கரியில் செய்த வில்லை சோதனை இயந்திரத்தின் ஏழாம் சேனலில் பதினான்கு மாதமாக ஓடுகிறது. நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கி, ஒன்றரை லட்சம் சுற்றைத் தாண்டிவிட்டது. மதியச் சாப்பாட்டை அவள் அந்தத் திரைக்கு முன்னால்தான் சாப்பிடுவாள். முதலில் தினமும் போன் செய்த தங்கை இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறாள். "சாப்பிட்டியாக்கா?" "ஆச்சு." சில ஞாயிறுகளில் கரியக்கா அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டாள்.

இன்று சாயங்காலம் பேராசிரியர், புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சிக்காரியோடு வந்தார்.

"கரியக்கா, ஏழு இன்னுமா ஓடுது? கட்டுரை வந்து எட்டு மாசமாச்சே. இவங்களுக்குச் சேனல் வேணும், எடுத்துடுங்க."

"முதல்ல பிடிச்சதுல எண்பத்தொரு சதவீதம் இன்னும் நிக்குது சார்."

"நிக்கட்டும். இனிமே அது யாருக்கு வேணும்?"

அவர் போனபின், ஆராய்ச்சிக்காரி தன் வில்லையோடு தயங்கி நின்றாள். "நாளைக்கு வேணா மாட்டிக்கறேன்க்கா."

"வேணாம்மா. நாளைக்கும் இதே கதையத்தான் சொல்லுவேன்."

திரையில் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. "பாதியில வேணாம். ஏறி முடிக்கட்டும்" என்றாள். இருவரும் நின்றார்கள். கோடு அடிவரை போய், திரும்பி, மெல்ல மேலே வந்து உச்சியைத் தொட்டதும் அவளே நிறுத்தினாள்.

பிளாஸ்டிக் இடுக்கியால் வில்லையை எடுத்தாள். ஏற்றியது தானாகவே கசிந்து சில நாளில் காலியாகிவிடும் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித் தருபவளே அவள்தான். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். அது எஃகு, வில்லையின் இரண்டு பக்கமும் அதில் பட்டால் ஏற்றியது எல்லாம் ஒரு நொடியில் போய்விடும். டப்பாவை மூடினாள். வடிதாள் ஒன்றை எடுத்து, வில்லையை அதில் இரண்டு சுற்றுச் சுற்றி, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துவிட்டு, கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.