அடுத்த வரியின் முதல் வார்த்தை

“…பாடாம இருந்தா கர்த்தர் என்ன கோவிச்சுக்கிடவா போறாரு? அவருக்குக் காது நல்லாக் கேக்கும். எனக்குத்தான் தறி தின்ன காது” என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். சங்கரன்கோவிலில் ஒரு தறிக்கூடத்துக்குள், பத்துப் பன்னிரண்டு விசைத்தறிகள் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமைப் பகலில், அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போயிருந்தேன். நான் சொன்னதில் பாதி அவருக்குக் கேட்கவில்லை. அவர் அப்போது சொன்னதில் முன்னும் பின்னும் சத்தத்தில் போய், இவ்வளவுதான் என் காதுக்குத் தப்பி வந்தது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் சபையில் எல்லாருக்கும் அவர் தறியக்கா. நான் அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் முன்னால் நின்று ஆராதனை நடத்துகிறவன். மற்ற நாட்களில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எலக்ட்ரிக் கடை. சங்கீதம் யாரிடமும் படித்ததில்லை, காதால் பிடித்ததுதான். பாடத் தெரிந்தால் ஆராதனை நடத்திவிடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முன்னால் போய் நின்ற பிறகுதான் சங்கதி புரிந்தது. பெண்களுக்கு வசதியான சுருதியில் எடுத்தால் ஆண்களுக்கு எட்டாது. ஆண்களுக்காக இறக்கினால் பெண்களுக்குக் கிணற்றுக்குள் இருந்து பாடுவது போல் ஆகிவிடும். துக்க வீட்டிலிருந்து வந்தவரும், முந்தின நாள் பேரன் பிறந்தவரும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு முதல் பாட்டைத் தேட வேண்டும். கண்ணை மூடிப் பாடினால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் சபை எந்த வரியில் நம்மை விட்டுப் பிரிந்தது என்று தெரியாது. கண்ணைத் திறந்தால் யார் கொட்டாவி விடுகிறார் என்பதுதான் முதலில் தெரியும். போதகர் ஐயா ஒருமுறை சொன்னார்: “நீரு பாடுததுக்கு அங்கன நிக்கல வே. பாட வைக்கதுக்கு நிக்கீரு.” நன்றாகச் சொன்னார் என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். எழுதி வைத்ததோடு சரி.

நான் மன்னிப்புக் கேட்கப் போன அந்த வருஷம்தான் சபைக்குப் புரொஜெக்டர் வந்தது. பாட்டுப் புத்தகங்களை அலமாரியில் வைத்துப் பூட்டினோம். வெள்ளைத் திரையில் வரி வரியாக எழுத்து ஓடுவதைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. அதில் ஒரே ஒரு இடைஞ்சல் தறியக்காவின் குரல். தகரத்தில் ஆணி அடிக்கிற மாதிரிக் குரல் அது. குரல் கூடப் பரவாயில்லை. ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குவதற்கு முன்னால், கீபோர்டு மட்டும் கொஞ்சம் வாசிக்கிற அந்தச் சின்ன இடைவெளி இருக்கிறதே, அதற்குள் அடுத்த வரியின் முதல் வார்த்தையை எடுத்துப் பட்டென்று போட்டுவிடுவார். ஒவ்வொரு வரிக்கும் அப்படித்தான். நான் மைக்கில் உருகி உருகி இறங்குவேன். அதற்குள் அக்கா அடுத்த படியில் ஏறி நிற்பார். மூன்று மாதம் பொறுத்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பாட்டுக்கு நடுவில், மைக்கிலேயே சொல்லிவிட்டேன்: “பிரியமானவர்களே, சில பேர் பாட்டை முந்திக்கொண்டு ஓடுகிறோம். திரையைப் பார்த்து, எல்லாரும் ஒரே சத்தமாகப் பாடுவோம்.”

பெயர் சொல்லவில்லை. பெயர் சொல்லாததால் அது யாரையும் புண்படுத்தாது என்பது மைக் பிடித்தவர்களுக்கு இருக்கிற ஒரு நம்பிக்கை. பெண்கள் பக்கத்தில் இருந்த அத்தனை தலையும் ஒரே நேரத்தில் அக்காவைப் பார்த்துத் திரும்பின. அக்கா சேலைத் தலைப்பை இழுத்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். அதன்பின் அவர் வாய் திறக்கவில்லை.

முதல் வாரம் எனக்கு ஆறுதலாக இருந்தது. கீபோர்டு தெளிவாகக் கேட்டது, என் குரலும் தெளிவாகக் கேட்டது. இரண்டாம் வாரம் என் குரல் மட்டும்தான் கேட்டது. ஆண்கள் பக்கம் வழக்கமான முணுமுணுப்பு. பெண்கள் பக்கம் கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. “இன்னைக்கு யாரும் காலையில சாப்பிடலையா?” என்று மைக்கில் கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மூன்றாம் வாரம் பாயில் அக்கா உட்காருகிற இடம் காலியாக இருந்தது. புளியங்குடியில் தங்கச்சி போகிற சபைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பெண்கள் பக்கம் இப்போது கை தட்டுவதும் குறைந்திருந்தது. முன்னால் நின்று பார்த்தபோது, ஒரு கூட்டத்துக்குப் பாட்டுக் கச்சேரி நடத்துகிறவன் போல எனக்கே கூச்சமாக இருந்தது.

வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, “சபையில எழுப்புதலே இல்ல, பாட்டுல உயிரே இல்ல” என்றேன். என் மனைவி ரசத்தை ஊற்றினாள்.

“எழுப்புதல் புளியங்குடிக்கு பஸ் ஏறிப் போயிட்டு. நீங்கதான டிக்கெட் எடுத்துக் கொடுத்தீங்க.”

“நான் யார் பேரையும் சொல்லலியே.”

“பின்னால உக்காந்திருக்க எட்டுப் பேருக்கு எழுத்தே தெரியாது. அது தெரியுமா உங்களுக்கு? நீங்க திரையத் திரையக் காட்டுதீங்க. அவுகளுக்கு அது வெள்ளையடிச்ச சுவருதான். அக்கா ஒரு வார்த்தை எடுத்துப் போட்டா, மீதியை மனசுலேருந்து எடுத்துப் பாடிருவாக. இப்ப யாரு எடுத்துப் போடுவா?”

அந்த எட்டுப் பேருடைய முகமும் எனக்குத் தெரியும், அவர்கள் வீட்டுச் சுவிட்சு போர்டு வரை தெரியும். அவர்களுக்குப் படிக்கத் தெரியுமா என்று ஒருநாளும் யோசித்ததில்லை. புத்தகம் இருந்த காலத்தில் அவர்களும் அதை மடியில் விரித்து வைத்திருப்பார்கள். விரித்து வைத்திருந்ததை நான் படிப்பதாக எடுத்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் பாட்டு நடத்தும்போது அடுத்த வரியின் முதல் வார்த்தை என் வாயிலிருந்தும் முன்னாலேயே வந்துவிடுகிறது. கீபோர்டுக்குப் புதிதாக வந்திருப்பவர், நல்ல படிப்பாளி, “அண்ணாச்சி, தாளம் இடிக்கி” என்கிறார். இடிக்கட்டும் என்கிறேன். அக்கா திருப்பூருக்கு மகன் வீட்டோடு போய் ஆறேழு வருஷம் ஆகிறது. போனில் கூப்பிட்டால் இன்னும் தறிக்குள் நிற்கிற மாதிரித்தான் பேசுவார். போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொள்வேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தறிக்கூடத்தில் கால் வைத்தபோதுதான் முதல் வார்த்தையை முந்தி எறிகிற அக்காவின் பழக்கம் எங்கே பிறந்தது என்று கண்டேன். கடைசித் தறியில் நின்ற பெண் அக்காவைப் பார்த்து “நூலு” என்று ஒரே ஒரு வார்த்தையை எறிந்தார். அக்கா நிமிர்ந்து, அவருடைய உதட்டைப் பார்த்தே மீதியை வாங்கிக்கொண்டு, இரண்டு கண்டு நூலை எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அந்தச் சத்தத்துக்குள் முழு வாக்கியம் யாருக்கும் போய்ச் சேராது. முதல் வார்த்தை போய்ச் சேர்ந்தால் போதும். கடைசித் தறிக்காரர், எங்கள் சபையில் பின்வரிசையில் உட்காருகிற அந்த எட்டுப் பேரில் ஒருவர்.

நான் கிட்டப் போய்க் கத்தினேன்: “தப்புக்கா. நான் சொன்னது தப்பு. வார ஞாயித்துக்கிழமை மைக்கிலேயே சொல்லிருதேன்.”

“வேண்டாஞ்சாமி. மறுபடியும் எல்லாவளும் திரும்பி என்னையப் பாப்பாளுவ.”

“நீங்க வரலன்னா அந்தப் பக்கம் ஒருத்தரும் பாட மாட்டேங்காக.”

அதற்குத்தான் கர்த்தர் காதையும் தன் காதையும் பற்றி அவர் சொன்னது. சொல்லிவிட்டுத் தறியில் அறுந்துபோன ஓர் இழையைக் கண்டுபிடித்து முடிச்சுப் போட்டார். என்னைப் பார்க்கவில்லை. திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது, இழையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

“ஞாயித்துக்கிழமை முதப் பாட்டு எது?”

சொன்னேன். கேட்கவில்லை என்று தலையசைத்தார். முதல் வார்த்தையை மட்டும் மறுபடி சொன்னேன். அக்கா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, கடைசித் தறிப் பக்கம் திரும்பி, அத்தனை சத்தத்துக்கும் மேலாக, “ஏட்டி, ‘கர்த்தாவே’!” என்று அந்த வார்த்தையை எடுத்துப் போட்டார்.