நிலாவை மட்டும் பேசச் சொன்னார்கள்

போன சனிக்கிழமை வந்த கோபம், இந்த வரியை எழுதும்போதும் இறங்கவில்லை. தேத்தண்ணி குடித்துப் பார்த்தேன். பனியில் நடந்தும் பார்த்தேன். ம்ஹூம்...

நாங்கள் இருக்கும் வெக்ஸ்போர்ட் பகுதியில் எங்கள் தமிழ் இலக்கிய வட்டத்தின் கூட்டம். பிறநாட்டுக் கவிஞர் ஒருவரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. கனடாவுக்கு வந்த புதிதில் மூன்று வருடம் ஒரு ட்ரை கிளீனிங் கடையில் காற்சட்டை அயர்ன் பண்ணினேன். முதலாளி ஹான், கொரியாக்காரர். நீராவிக்கு நடுவே, உடைந்த ஆங்கிலத்தில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது தன் பாட்டன் ஒருவரின் கதை. பல தலைமுறைக்கு முந்திய பாட்டன்.

அந்த மனிதர் அரசசபையில் பெரிய அதிகாரி. படித்தவர், கவிஞர். பஞ்ச காலத்தில் சனங்களுக்கென்று வைத்திருந்த நெல்லை அரசனின் மைத்துனன் விற்றுத் தின்றான். எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. இவர் மட்டும் அரசனுக்கே விண்ணப்பம் எழுதினார் – மைத்துனனின் பெயரையும் போட்டு, தன் பெயரையும் போட்டு. விளைவு? தெற்கே ஒரு தீவுக்கு நாடுகடத்தல். மன்னிப்புக் கேட்டால் திரும்பலாம் என்று இரண்டு தடவை ஆள் வந்தது. கேட்கவில்லை. தீவிலேயே செத்துப்போனார்.

"அவருடைய நிலாக் கவிதைகளைப் பிள்ளைகள் பள்ளியில் பாடமாக்குவார்கள்" என்பார் ஹான். "விண்ணப்பத்தை எங்கள் வீட்டில் மட்டும்தான் வாசிப்போம். ஒவ்வொரு வருடமும், அவர் இறந்த நாளில்."

கூட்டத்துக்கு ஹானையும் கூப்பிட்டிருந்தேன். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் கோட்டும் டையுமாக, மனைவியோடு வந்து முன்வரிசையில் இருந்தார்.

மேடைக்குப் போகையில், என் பேச்சுக் குறிப்பை முன்பே வாங்கிப் பார்த்திருந்த வட்டத்தின் தலைவர் என் கையைப் பிடித்தார்.

"அண்ணை, உந்த நெல்லுக் களவு, விண்ணப்பம்... உதெல்லாம் இப்ப வேண்டாம்."

"ஏன்?"

"ஆக்கள் வந்திருக்கினம். தங்களைத்தான் சொல்லுறம் எண்டு நினைப்பினம். நிலா, மலை, பூ எண்டு சொல்லிப்போட்டு இறங்குங்கோ."

யார் அந்த 'ஆக்கள்'? அவர் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. ஊர்ச் சனத்துக்கென்று இங்கே காசு சேர்த்துக் கணக்குக் காட்டாதவர்கள் என்று கேட்காமலே விளங்கிவிடுகிறது பாருங்கள் – அதுதான் எங்கள் வியாதி!

வெட்கத்தோடு எழுதுகிறேன்: பணிந்துவிட்டேன். நிலா சொன்னேன். மலை சொன்னேன். நன்றாகக் கை தட்டினார்கள்.

இடைவேளையில் ஹான் என் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். "தீவுக்கு ஏன் போனார் என்று சொன்னீர்களா?"

"யெஸ்" என்றேன்.

அவர் அதை மனைவியிடம் கொரிய மொழியில் சொன்னார். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆமிக்கும் குண்டுக்கும் பயந்து ஓடிவந்தோம், சரி. ஹீற்றர் போட்ட மண்டபத்தில், கையில் வடையோடு நின்றுகொண்டு, எந்தக் காலத்திலோ செத்துப்போன ஒரு மைத்துனனுக்கு எதற்கையா பயம்?

நன்றியுரைக்கு முன் மேடையில் ஏறினேன். "ஒரு விஷயத்தை விட்டிட்டன்" என்று தொடங்கி, நெல், மைத்துனன், விண்ணப்பம், தீவு – எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் மைக் செத்தது. கத்திச் சொன்னேன். பலர் தங்கள் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள்.

பின்வரிசையில், மடியில் குழந்தையோடு இருந்த ஒரு பெண் எழுந்தார். "அண்ணை, அவர் கடைசிவரைக்கும் மன்னிப்புக் கேக்கேல்லையோ?"

"இல்லைத் தங்கச்சி."

"நல்லது" என்றுவிட்டு உட்கார்ந்தார். அந்தப் பெண் மட்டும் கை தட்டினார்.

கார் நிறுத்துமிடத்தில் ஹானிடம் உண்மையைச் சொன்னேன். முதலில் பொய் சொன்னதை, பிறகு ஏறிப் பேசியதை. அவர் திறந்த கார்க் கதவை மூடிவிட்டுக் கேட்டார்.

"மைக்கை அவர்கள்தான் நிறுத்தினார்களா?"

"ஓம்... யெஸ்."

ஹான் வாய்விட்டுச் சிரித்தார். "அப்படியானால் சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள்."

தலைவர் இன்னும் என்னோடு கதைக்கவில்லை. வேண்டாம், அவர் இதை வாசித்தால் போதும்.