மூன்றாம் படியில் ஓர் ஊஞ்சல்

போன வாரம் என் மகள், வீட்டுக்கு வந்துபோன ஓர் அம்மாளைப் பாடப்புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் வரைந்து காட்டினாள். மூக்கு ஒரு முழம், அதன் நுனியில் ஒரு மூக்குத்தி, உடம்புக்கு வெறும் ஒரு கோடு. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். ஏனம்மா என்று அவள் கேட்டாள். பதில் சொல்வதென்றால், எனக்கு ஏழு வயதாக இருந்தபோது அம்பாசமுத்திரத்தில் நடந்த ஒரு நவராத்திரியைச் சொல்ல வேண்டும்.

அப்பாவின் தங்கை அப்போது எங்களோடு இருந்தாள். பதினோரு வயதில் அவளை ஒரு பெரியவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். பத்தொன்பது வயதில் வெள்ளைச் சேலையோடு திரும்பி வந்துவிட்டாள். வெளியாட்கள் வந்தால் அத்தை அடுக்களையை விட்டு வரக்கூடாது. கதவை ஒருக்களித்து வைத்து, நாலு விரல் இடைவெளி வழியாக அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த இடைவெளியில் ஒரு முழு ஆள் தெரிய மாட்டார். ஒருவருக்குத் தொப்பை மட்டும் வரும், இன்னொருவருக்குத் தாடை. அத்தை அவற்றை மரத்தில் செதுக்கினாள். எங்கள் ஊரில் மரச்சொப்பு கடைகிறவர்களிடம் மிஞ்சிய மஞ்சக்கடம்புத் துண்டுகளை நான் பாவாடையில் அள்ளி வருவேன். அடுப்புக்கரியால் நாலு பக்கமும் கோடு போட்டுக்கொண்டு, அப்பா கழித்துப் போட்ட பேனாக்கத்தியால் அத்தை சீவத் தொடங்குவாள்.

"ஒவ்வொரு ஆளுக்கும் ஏதாவது ஒண்ணு முன்னால நடந்து வரும்ட்டி. அதைப் பிடிச்சுட்டாப் போதும். மத்ததெல்லாம் பின்னாலயே வந்து சேந்துக்கிடும்" என்பாள்.

கிராம முன்சீபுக்கு முன்னால் நடந்தது அவருடைய மோவாய். பால்காரிக்கு இடுப்பு. அப்பாவுக்கு எது என்று கேட்டேன். "உங்க அப்பாவுக்குப் பயம்தான் முன்னால வருது. அதை எப்படிட்டி செதுக்குறது?" என்று சிரித்தாள்.

மத்தியானங்களில் அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருப்பேன். சீவல்கள் சுருள் சுருளாக என் நெற்றியில் விழும். கூரைக் கண்ணாடி வழியாக இறங்கும் வெயிலில் மரத்தூள் மஞ்சள் மஞ்சளாக மிதக்கும். வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கண் சொருகும் நேரத்தில், பாதி முடிந்த முகங்கள் மரத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, நான் தூங்கிவிட்டேனா என்று ஒன்றையொன்று கேட்டுக்கொள்வதுபோல் இருக்கும். அந்த வீட்டில் நான் பார்த்தது எது, கனவு கண்டது எது என்று இன்றும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

அந்த வருஷம் அக்காவுக்கு வரன் வந்தது. அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. மாப்பிள்ளைக்கு நாற்பத்தைந்து, மனைவி இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வாய்க்காலின் இரண்டு கரையிலும் அவருக்கு நஞ்சை இருந்தது. தாலுகா கச்சேரிக் குமாஸ்தாவான அப்பாவுக்கு, நம் பெண் சோற்றுக்குக் கஷ்டப்பட மாட்டாள் என்ற ஓர் எண்ணமே போதுமாக இருந்தது. ஒருநாள் மாப்பிள்ளை வந்து பேசிவிட்டுப் போனார். மை தடவிய மீசை, அடியில் வெள்ளையாக முளைத்திருந்தது. அக்கா அன்று சாப்பிடவில்லை. அத்தையும் கதவிடுக்கை விட்டு வெகுநேரம் நகரவில்லை. நவராத்திரியில் மாப்பிள்ளையின் அக்காள் வந்து பெண்ணைப் பார்த்துத் தாம்பூலம் வாங்கிக்கொண்டால் முடிந்தது என்று பேச்சு.

கொலு வைக்கும் நாள் காலையில் அத்தை என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டு, முந்தானைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்தாள். கல்யாண ஊஞ்சல். ஒரு முனையில் மாப்பிள்ளை, அவருக்கு முன்னால் அவர் மீசையும் வயிறும். பாரத்தில் அந்த முனை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மறுமுனையில் ஒரு சின்னப் பெண், கையில் மரப்பாச்சியோடு அந்தரத்தில் தொங்கினாள். மெய்யான நூலில் கட்டியிருந்ததால், ஊதினால் ஆடியது.

"மூணாம் படியில பைய வச்சிரு. கலசம் வச்ச பொறகு யாராலயும் எடுக்க முடியாது" என்றாள்.

கொலுவுக்கு முன்னால் அத்தை வரக்கூடாது. அதனால் அவளுக்குப் பதிலாக அவள் பொம்மை போகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படியே வைத்துவிட்டேன்.

அம்மா மறுநாள்தான் பார்த்தாள். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அடிப் பாவி, இதை எப்பட்டி வச்ச? நடுவுல எறக்கினா குடும்பத்துக்கு ஆகாதே! விஜயதசமிக்கு எல்லாத்தோடயும் சேத்துத்தானே எறக்கணும்?" என்று புலம்பினாள். அப்பாவிடம் சொல்லப் பயந்து, செட்டியார் பொம்மையையும் அவர் மனைவியையும் கடையோடு நகர்த்தி ஊஞ்சலை மறைத்துவைத்தாள்.

ஐந்தாம் நாள் மாப்பிள்ளையின் அக்காள் வந்தார். அக்காவைப் பாடச் சொன்னார், நடக்கச் சொன்னார், தலைமுடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பிறகு கொலுவைப் பார்த்து, "பொம்மை எல்லாம் கடையில வாங்கினதுதானா மதினி? கையால செஞ்சது ஒண்ணும் இல்லியா?" என்று அம்மாவைக் கேட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. செட்டியாரை ஒரு பக்கமாகத் தள்ளினேன்.

ஊஞ்சல் ஆடியது. அந்த அம்மாள் குனிந்து பார்த்துக் கலகலவென்று சிரித்தார். "இது எந்த ஊருக் கெழவன்ட்டி? குண்டோதரன் மாதிரில்லா இருக்கான்!"

கூட வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆடிய ஊஞ்சல் மெல்லத் திரும்பி நின்றது. மீசையின் அடியில் அத்தை மை தடவாமல் விட்டிருந்த வெள்ளைக் கோடு விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. அந்த அம்மாளின் சிரிப்பு நின்றது.

"யாரு செஞ்சது?"

"எங்க அத்தை!" என்றேன். என் வாழ்க்கையில் அத்தனை பெருமையோடு நான் வேறெதையும் சொன்னதில்லை. "அடுக்களைக்குள்ள இருக்கா. அப்படியே மாப்பிள்ளை மாதிரி இல்லியா?"

அவர் எழுந்துகொண்டார். அம்மா குங்குமச்சிமிழை நீட்டினாள், தாம்பூலத் தட்டை நீட்டினாள், பின்னாலேயே வாசல்வரை ஓடினாள். அவர் எதையும் தொடவில்லை. நவராத்திரிக்கு வந்த சுமங்கலி குங்குமம் எடுக்காமல் படியிறங்கினால் அந்தச் சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம். நான் திரும்பிப் பார்த்தேன். அடுக்களைக் கதவின் நாலு விரல் இடைவெளியில் அத்தையின் ஒரு கண் தெரிந்தது. அது கலங்கவில்லை. ஒரு பொம்மையை முடித்தபின் எட்ட வைத்துப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்பா அத்தையை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவளை அழைத்துப் போகச் சொல்லி, ஸ்ரீவைகுண்டத்தில் இருந்த அவள் புருஷனுடைய மூத்த தாரத்து மகனுக்குக் கடிதம் எழுதினார். விஜயதசமி கழிந்த மறுநாள் காலையில் வண்டி வந்து நின்றது. பேனாக்கத்தியை அப்பா வாங்கி வைத்துக்கொண்டார். அக்கா அத்தையின் தோளைக் கட்டிக்கொண்டு விடவே மாட்டேன் என்றாள். எனக்கோ, அத்தை மட்டும் ரயில் ஏறப் போகிறாளே என்று பொறாமை.

"எப்ப வருவ?" என்று கேட்டேன்.

"உங்க அக்கா கல்யாணத்துக்கு வாரேன். நல்ல மாப்பிள்ளையா வருவான் பாரு" என்றாள்.

மூன்று வருஷம் கழித்து அக்காவுக்கு, பாளையங்கோட்டையில் வாத்தியாராக இருந்த ஓர் இளைஞனோடு கல்யாணம் நடந்தது. பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு நான் பந்தல் வாசலிலேயே நின்றேன். ஒவ்வொரு வண்டி வரும்போதும் ஓடிப் போய்த் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன். அம்மா வந்து யாரைத் தேடுகிறாய் என்று கேட்டாள். அத்தையை என்றேன். அம்மா என் தலைப்பூவைச் சரிசெய்துவிட்டு உள்ளே போனாள். அத்தைக்கு யாரும் கடிதம் எழுதவில்லை என்பதும், எழுதமாட்டார்கள் என்று தெரிந்தேதான் அவள் அப்படிச் சொல்லிவிட்டு வண்டியேறினாள் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. தாலி கட்டி முடித்த பிறகும், ரயில் தாமதமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு நான் வாசலில் நின்றேன்.