நூறு வருஷமாய்த் தண்ணீர் போகாத முகாம்

யுத்தம் நடந்த காலத்தில் திருகோணமலையில் ஒரு நிவாரண அலுவலகத்தில் எனக்கு வேலை. துறைமுகம் தெரிகிற மேல்மாடியில் இருந்து முகாம் விவரங்களைக் கணினியில் ஏற்றவேண்டும். நானாகவே ஒரு டாஷ்போர்ட் செய்திருந்தேன். ஒவ்வொரு முகாமுக்கும் கடைசியாகப் பவுசர் என்கிற தண்ணீர் வண்டி போன திகதியை அது இன்றைய திகதியிலிருந்து கழிக்கும். நாள் கூடக் கூடத் திரையில் அந்த முகாமின் பட்டை உயரும். எந்தப் பட்டை உயரமோ அந்த முகாமுக்கு முதல் பவுசர். விடிந்தால் அவை தானாக உயர்ந்து நிற்கும். பார்க்க எனக்குச் சந்தோஷம், புளுகம் தாங்காது.

பவுசர் போன திகதிகளைப் பதிகிறவர் பக்கத்துக் கதிரையில் இருந்த மூதூர்க்காரர். அண்ணன் முறைக்கு நானா என்றுதான் கூப்பிடுவேன். இடம்பெயர்ந்த அவருடைய உம்மா கிண்ணியாவில் புதிதாகத் திறந்த ஒரு பள்ளிக்கூட முகாமில் இருந்தார்.

ஒரு காலை நானா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தங்கச்சி, உம்மாட முகாமுக்கு இன்னும் தண்ணி போகல்லயாம். கிணத்துத் தண்ணி ஒரே உப்பு. உம்மாக்கு வயித்தோட்டம் தொடங்கிட்டாம்."

திரையில் அந்த முகாமின் பட்டை குட்டையாக நின்றது. என் டாஷ்போர்ட் பொய் சொல்லுமா? எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. உடனே பவுசர் சாரதிக்குப் போன் போட்டேன். ஆமியின் பாஸ் கிடைத்ததாம், ஆனால் சோதனைச் சாவடியில் பாதையை மூடித் திருப்பி விட்டார்களாம்.

அப்போதுதான் விளங்கியது. எங்கே போவதென்றாலும் பாஸ் வேண்டிய ஊர் எங்களுடையது. பாஸ் கையில் வந்தாலே போய்ச் சேர்ந்த மாதிரித்தான் எங்களுக்கு. நானாவும் பாஸில் இருந்த திகதியையே பவுசர் போன திகதியாகப் பதிந்து வந்திருக்கிறார். உம்மாவின் முகாமுக்கும் அப்படியே போட்டிருந்தார். மனுஷன் முகம் செத்துப்போய் இருந்தார்.

எனக்குக் கை பரபரத்தது. தண்ணீர் இறங்கிய திகதிக்கென்று வேறொரு நிரல் போட்டு, சாரதிகளைக் கேட்டுக் கேட்டு நிரப்பினோம். உம்மாவின் முகாமுக்கு மட்டும் கட்டம் வெறுமையாக இருந்தது. கணக்கை மாற்றித் தட்டினேன். ஐயோ, அந்த ஒரு பட்டை கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது! மற்றதெல்லாம் தரையோடு தரை. வெறும் கட்டத்தைப் பூச்சியமாக எடுத்த கணினி, தன் நாட்காட்டி தொடங்கும் ஆயிரத்துத் தொளாயிரமாம் ஆண்டிலிருந்தே எண்ணிவிட்டது. நூறு வருஷத்துக்கு மேல் தண்ணீர் இல்லை! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நானா சிரிக்கவில்லை.

"இது பிழையெல்லோ தங்கச்சி. திருத்துங்க."

"ஏலாது நானா. பொறுப்பாளர் பாக்கட்டும்."

அலுவலகப் பொறுப்பாளர் வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இதென்ன என்று கேட்டார். ஒருநாளும் தண்ணீர் போகாத முகாம் என்றேன். பாதை திறக்கும்வரை பவுசரோடு தானே போய் நிற்பதாகச் சொல்லி வாகனச் சாவியை எடுத்தார். நானாவும் பின்னாலேயே ஓடினார்.

பின்னேரம் நானா திரும்பி வந்தபோது சட்டை முழுக்க ஈரம். கதிரையை இழுத்துப்போட்டு, அந்த வெறும் கட்டத்தில் அன்றைய திகதியை அடித்தார். வானத்துக்குப் போன பட்டை பொத்தென்று விழுந்து காணாமல் போனது. மற்ற முகாம்களின் பட்டைகள் எழும்பி வந்தன.

"உம்மா குடிச்சிட்டா" என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் அதற்குள் எழும்பிய பட்டைகளில் எது உயரம் என்று பார்த்து, அந்த முகாமின் சாரதிக்குப் போனை எடுத்திருந்தார்.