திருட்டுப் போத்து

பூசை நடுவே சமாதானம் சொல்ல எல்லாரும் கைகொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் தார்ஹேலியாவின் கண்ணைப் பார்த்தேன். இடது கண் வழக்கம்போல இருந்தது. வலது கண்ணின் பாவை கறுப்புத் திராட்சை அளவுக்கு விரிந்து கிடந்தது. பக்கத்தில் நின்ற ஒத்தீலியா வீலென்று கத்தினாள். பாதிரியார் என்ன நினைத்தால் எனக்கென்ன என்று தார்ஹேலியாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினேன்.

சின்ன வயது டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு வெலவெலத்துப் போனார். "தலைல ஏதாவது அடிபட்டுச்சாம்மா? கை கால் மரத்துப் போவுதா?"

"அதெல்லாம் இல்ல டாக்டர். குவாந்துப் பூவோட தூள். மறந்துபோய்க் கண்ணைக் கசக்கிட்டேன். ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"அந்த விஷப் பூவோட உங்களுக்கு என்ன வேலை?"

"கல்யாணம் பண்ணி வைக்கிறேன்" என்றாள் தார்ஹேலியா.

அவள் அப்படித்தான். என் பக்கத்து வீடு. அவள் மகன் வில்மருக்கு நான் ஞானத்தாய். நான் எங்கள் ஊரான குவாலசேயோவின் சந்தையில் சுட்ட பன்றியும் அவித்த சோளமும் விற்கிறேன். அவள் வீட்டிலேயே உட்கார்ந்து செருப்புக்கு மேல்தோல் தைப்பவள். எங்கள் தெருவில் குவாந்து இல்லாத வேலி கிடையாது. ஊமத்தைச் சாதிதான், ஆனால் ஆளுயரத்துக்கு மேல் மரமாக நிற்கும். முழ நீளப் பூக்கள் தலைகீழாகத் தொங்கும். பொழுது சாய்ந்தால் தெருவே மணக்கும். நாங்கள் யாரும் அதை ஏறிட்டுப் பார்த்ததில்லை. இவள்தான் பார்த்தாள்.

நியூயார்க்கில் சமையல் வேலை செய்யும் வில்மர், யாரோ ஒரு ஜெர்மன்காரர் இரண்டு குவாந்துகளைக் கலந்து புது நிறம் கொண்டுவரும் வீடியோவை அனுப்பினான். அதோடு தொலைந்தாள். "முப்பது வருஷமா தைக்கிறேன் பிளாசீனா. எல்லாம் எவனோ வரைஞ்ச அளவு. மேல அடிக்கிறது எவனோ ஒருத்தன் பேரு. உலகத்துல இதுவரைக்கும் இல்லாத ஒண்ணு என் கையால வரணும்" என்றாள். சிரித்தேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

மொட்டு விரிவதற்கு முந்தின நாள் தோல் வெட்டும் கத்தியால் அதைக் கீறி, உள்ளே இருக்கும் ஐந்து மகரந்தத் தூள்பைகளையும் கிள்ளி எடுத்துவிடுவாள். பூச்சி வராமல் பழைய காலுறையைப் பூவுக்கு மாட்டுவாள். மறுநாள் பொழுது சாயும்போது வேறு வீட்டு மரத்தின் தூளை, புருவம் தீட்டும் தூரிகையால் தொட்டு நடுத்தண்டின் நுனியில் தடவுவாள். எந்த வீட்டுத் தூள் என்று தெரிய செருப்பு நூலில் நிறம் பார்த்து ஒரு முடிச்சு. சிவப்பு என் வீடு, பச்சை ஒத்தீலியா வீடு, மஞ்சள் மெழுகுவர்த்தி வார்க்கும் எலிசேயோ ஐயா வீடு. மூன்று வருடம் இப்படி. ஒரு பூ காய்க்க வேண்டுமே! எல்லாம் வாடி, நூலோடு உதிர்ந்து கிடக்கும்.

"வேலி முழுக்கக் காலுறை தொங்குது, இது வீடா வண்ணாந்துறையா?" என்றார் அவள் புருஷன் மெசியாஸ். அவருக்கு அந்த இடத்தில் பீச் மரம் வைக்க வேண்டும். கடைசியில் இருவருக்கும் ஒப்பந்தம் ஆனது. நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளுக்குள் ஒரே ஒரு காய் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் அன்றைக்கே கோடரி.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. நடுவதற்கு வெட்டும் கொம்பைப் போத்து என்போம்; கேட்டு வாங்கிய போத்து வேர் விடாது, திருடிய போத்துதான் பிடிக்கும். அதனால் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. வேலியோரம் போகும்போது ஒரு கொம்பை ஒடித்து சால்வைக்குள் செருகிக்கொள்வோம். அது பூத்து, யாராவது கேட்டால் வாய்க்கு வந்த ஊர்ப் பெயரைச் சொல்வோம். என் மரத்தை லோஹா ஊரிலிருந்து என் மாமனார் கொண்டுவந்தார் என்று சொல்லி வைத்திருந்தேன். அதற்கு 'லோஹாக்காரி' என்று பேர் வேறு. உண்மையில் அதை நான் தார்ஹேலியாவின் மதிலில்தான் ஒடித்தேன். ஒன்பது வருடமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மூன்றாம் வருடம் தார்ஹேலியா ஒரு காரியம் செய்தாள். ஒவ்வொரு வீடாகப் போய், வாய்விட்டுக் கேட்டு, கவட்டைக்கு மேலே வெட்டிய போத்தாக வாங்கினாள். அப்படி வெட்டினால்தான் சீக்கிரம் பூக்குமாம். தன் மரத்துப் போத்தோடு சேர்த்து ஆறையும் ஒரே மதிலோரம், ஒரே வெயிலில், ஒரே எருவில் நட்டாள். கேட்டு வாங்கிய போத்து எப்படிப் பிடிக்கும் என்று தெருவே சிரித்தது. ஆறும் பிடித்தன. அப்போதாவது எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும்.

அக்டோபரில் ஆறும் ஒரே வாரத்தில் பூத்தன. நாடாவைத் தூக்கிக்கொண்டு அளக்க ஆரம்பித்தாள். நீளம், விளிம்பில் தொங்கும் வாலின் சுருள், பச்சை உறை எந்தப் பக்கம் கிழிகிறது, தூள்பைகள் ஒட்டி இருக்கின்றனவா விலகி இருக்கின்றனவா என்று நோட்டு நோட்டாக எழுதினாள். ஒத்தீலியா வீட்டில் பீச் நிறத்தில் பூத்த 'சாருமா அழகி'யும், எலிசேயோ ஐயா வீட்டு நிழலில் வெள்ளைவெளேரென்று நின்ற 'பிஷப் மணி'யும், என் லோஹாக்காரியும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரித் தொங்கின.

நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "பிளாசீனா, உன் மரம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொன்ன?"

"லோஹாலேர்ந்து. எத்தனை தடவை சொல்றது?"

"நெஜமாத்தானே? இந்த மரம் தன்னோட தூளைத் தானே ஏத்துக்காதாம். ஆறும் ஒரே மரமா இருந்தா ஆயுசுக்கும் காய்க்காது. என் கண்ணுக்கு ஆறும் ஒண்ணாத்தான் தெரியுது. ஆனா உன்னோடது லோஹா. ஒத்தீலியாவோடது சாருமா ஊரோடது, செத்துப்போன அவ சித்தப்பா கொண்டுவந்தது. எலிசேயோ ஐயாவோடது குவென்காவுல பிஷப் தோட்டத்துது. இவ்ளோ பேரு பொய்யா சொல்வீங்க?"

நான் பன்றித் தோலைச் சுரண்டிக்கொண்டே இருந்தேன்.

"அப்ப என் கண்ணுதான் தப்பு" என்றாள் அவள். "வித்தியாசம் தெரியாதவளுக்கு எதுக்கு இந்த வேலை." நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டாள். எங்களைச் சந்தேகப்படாமல் தன்னையே சந்தேகப்பட்டாளே, அதுதான் என்னைக் குடைந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு சந்தையில் சில்லறைகூட சரியாகக் கொடுக்க முடியவில்லை.

கல்லறைத் திருநாள் வந்தது. கல்லறைக்குப் போய் வந்த கையோடு, அன்றைக்கென்றே செய்யும் ஊதாக் கஞ்சி ஒரு மண் கூஜாவும் பொம்மை ரொட்டியும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். தெருவே அங்கேதான் நின்றது. வேடிக்கை என்றால் எங்கள் தெருவுக்குக் கஞ்சிகூட வேண்டாம். மெசியாஸ் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கோடரியோடு நின்றார். தார்ஹேலியா மரங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி தோலில் ஏறவில்லை. வெறும் கைதான் போய்வந்துகொண்டிருந்தது.

கோடரி மேலே போனது.

"நிறுத்துய்யா மெசியாஸ்!" என் குரல் எனக்கே பயமாக இருந்தது. "லோஹாவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. தார்ஹேலியா, உன் மதில்லதான்டி ஒடிச்சேன். நீ பூசைக்குப் போயிருந்தப்போ. ஒன்பது வருஷம் ஆச்சு."

 பிறகு ஒத்தீலியா மெல்ல வாயைத் திறந்தாள். "அப்படின்னா என்னோடதும்... நான் பிளாசீனா வேலியிலேர்ந்துதான்..."

"என் வேலியிலேர்ந்தா? திருட்டு முண்டம்! செத்துப்போன சித்தப்பா மேல பழியப் போட்டியே!"

"நீ மட்டும் என்ன, மாமனார் மேல போடலையா?"

வேலிக்கு ஓணான் சாட்சி என்கிற கதைதான். எலிசேயோ ஐயா தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு சிலுவை போட்டார். "பிஷப் என்னை மன்னிக்கணும். நான் ஒத்தீலியா வீட்டுல எடுத்தேன்." மீதி இரண்டு வீட்டுக்காரர்களும் தரையைப் பார்த்துக்கொண்டே எலிசேயோவின் வேலியைக் காட்டினார்கள்.

தார்ஹேலியா எழுந்தாள். "அப்ப என் கண்ணு தப்பில்ல" என்றாள். பிறகு கத்தினாள். "ஆறும் ஒண்ணு! நான் சரியாத்தான் பாத்திருக்கேன்! மெசியாஸ், நான் சரியாத்தான் பாத்திருக்கேன்!" அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அடுத்த நொடி கையில் கிடைத்த, செருப்புக்கு அளவு வைக்கும் மரக் கால் அச்சு என்னை நோக்கிப் பறந்து வந்தது. கூஜா உடைந்து கஞ்சி முழுக்க என் பாவாடையில்.

"மூணு வருஷம்டி! மூணு வருஷம் ஒரு மரத்தை அதுக்கே கட்டி வச்சிட்டிருந்தேன்!"

"அடிச்சுக்கோ, இன்னும் ரெண்டு போடு. ஆனா உன்னோடது எங்கேர்ந்து வந்துச்சு? அதைச் சொல்லு" என்றேன்.

அவள் முகம் சிவந்தது. "கன்னியர் மடத்து மதில்ல ஒடிச்சது" என்றாள்.

மெசியாஸ் கோடரியைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கிறிஸ்துமஸ் வரைக்கும் தவணை கிடைத்தது. இனி வேண்டியது ஒரு வேற்றாள், அதாவது இந்த மரத்தில் ஒடிக்காத வேறொரு மரம். கிழக்கே மலை இறங்கினால் லிமோன், வெக்கை பூமி, அங்கே ரோஜா நிறக் குவாந்து உண்டு என்று கேள்வி. மறுநாளே கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறினேன்.

ஒரு வேலியில் பார்த்தேன். இளஞ்சிவப்பில் ஐம்பது பூ. கை பரபரத்தது. ஒடித்தால் யாருக்குத் தெரியும்? பல்லைக் கடித்துக்கொண்டு கதவைத் தட்டினேன். யோலா என்று ஒரு பெண் திறந்தாள்.

"பூவுக்காகவா கதவைத் தட்டினீங்க? ஒடிச்சிட்டுப் போகவேண்டியதுதானே!"

"அந்தக் கதையே வேண்டாம் தாயி. இந்த மரம் எங்கேர்ந்து வந்துச்சு? உங்க அம்மா மேல சத்தியமா சொல்லு."

"ஆத்தங்கரைல தானா முளைச்சது. விதைலேர்ந்து வந்ததுதான்."

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பயந்துவிட்டாள், பாவம். தூள்பைகளைக் காகிதத்தில் மடித்துத் தீப்பெட்டியில் வைத்து, மேலே 'யோலா, லிமோன்' என்று எழுதினேன். திரும்பி வரும் வழியெல்லாம் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

தார்ஹேலியா அதை ஏழு பூக்களுக்குத் தடவினாள். ரோஜா நிற நூல். ஆறு உதிர்ந்தன. ஏழாவது பூவும் உதிர்ந்தது, ஆனால் காம்பு பச்சையாகவே நின்றது. பத்து நாளில் சுண்டுவிரல் பருமன். "காய்! காய்!" என்று அவள் போட்ட கூச்சலில் நான் கரண்டியோடு ஓடினேன். எலிசேயோ ஐயா மெழுகுவர்த்தி கொண்டுவந்தார். ஆலங்கட்டி மழை வந்தபோது அதற்குக் குடை கட்டியது யார் தெரியுமா? மெசியாஸ்தான்.

ஆறு மாதம் கழித்துக் காய் பழுத்தது. தக்கைத் துண்டு மாதிரி நாற்பத்தொரு விதைகள். முளைத்தவை பத்தொன்பது. அடுத்த வருடம் பெரிய வெள்ளிக்கு முந்தின மாலையில் முதல் பூ விரிந்தது. விரியும்போது பால் வெள்ளை. மறுநாள் விளிம்பில் சிவப்பு ஏறியது. மூன்றாம் நாள் பூ முழுக்க வெட்டிய கொய்யாப்பழத்தின் நிறம், வால்கள் சாண் நீளத்துக்குச் சுருண்டு தொங்கின, மணத்தில் எலுமிச்சை வாசம். அந்த மாதிரி ஒன்று அதற்கு முன் எங்கேயும் இருந்ததில்லை. தார்ஹேலியா அதன் கீழே நின்று நாடாவால் வாலை அளந்தாள். அவள் கையைப் பிடித்தேன். 

வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "தார்ஹேலியா, எனக்கு ஒரே ஒரு போத்து குடுடி."

"மாட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. கேட்கக்கூட அருகதை இல்லைதான் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் இடுப்பிலிருந்து தோல் வெட்டும் கத்தியை எடுத்து மதில்மேல் வைத்தாள். "கேட்டு வாங்கினா வேர் விடாது, தெரியாதா?" என்றாள். "நான் உள்ள போய் காபி போடறேன். வர கொஞ்ச நேரமாகும். கவட்டைக்கு மேல வெட்டு."